தையில் அளந்த கரை

பிப். 10, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. கடல் குளம் மாதிரி.

பேசாமல் இருந்தது போதும். இரண்டு வருடம். வாயால் சொல்ல முடியாவிட்டாலும் இந்த நோட்டிலாவது இருக்கட்டும். யாரும் பார்க்கப் போவதில்லை.

ஹெலன் வடசேரி சந்தைக்குப் போய் வந்தாள். வழுதலங்காய், தடியங்காய், சின்ன உள்ளி. முருங்கைக்காய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினாளாம். அதைச் சொல்லி முடித்து அடுத்த மூச்சில்:

"மைனியப் பாத்தேன்."

மைனி, என் அண்ணன் மனைவி. என் மனைவியும் அவளும் பேசிக்கொள்வார்கள். மிண்டாமல் இருப்பது அண்ணனும் நானும்தான். ஒன்பது வருடம்.

"அவிய வீடு வாங்குதாவளாம். நம்ம கடற்கரையில, அந்த வில்லால. ஏழாம் நம்பர். வாற வெள்ளியில்ல, அதுக்கடுத்த வெள்ளி ரிஜிஸ்டராம்."

பேப்பரைப் புரட்டினேன்.

"இஞ்சேருங்க, கேட்டியளா?"

"கேட்டேன்."

"காலையில அப்பாக்க வீட்ட வித்து எழுதிக் குடுக்காவ. மத்தியானம் வில்லாவ எழுதி வாங்குதாவ. ஒரே நாள்ல ரெண்டும். மைனி சந்தோசமாட்டு சொல்லுதா. நான் என்னத்தச் சொல்ல?"

அவள் என்னத்தைச் சொல்வாள். சொல்ல வேண்டியவன் நான்.

இந்தக் கடலோர ஊர்ப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். பதினெட்டு வருடமாக, தமிழ் மாதத்தின் கடைசி நாளில், கரையை அளக்கிறேன். சாலையோரத்தில் சிலுவை நிற்கும் குருசடியின் படியில் கயிற்றின் ஒரு முனை. ஈர மணல் தொடங்கும் இடத்தில் மறு முனை. பத்து அடிக்கு ஒரு முடிச்சு. முதலில் மாணவர்களுக்காக. பிறகு அவர்கள் வருவது நின்றது, நான் நிறுத்தவில்லை. ஏழாம் நம்பர் நிற்கும் இடம் எனக்கு அடி அடியாகத் தெரியும். பெரிய ஆடி வந்தால் அங்கே என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

தண்ணீர்.

நாளை: கேஸ் புக் செய்ய. பிளஸ் டூ செய்முறை மதிப்பெண் பட்டியல். ஹெலன் கண்ணாடிக்கு ஸ்க்ரூ.


பிப். 11, புதன்

காலையில் பனி, எட்டு மணிக்குள் போய்விட்டது. கேஸ் புக் ஆனது. கண்ணாடி மறந்துவிட்டது.

உண்மையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் நோட்டு எதற்கு. நேற்றிலிருந்து எனக்கு உள்ளே ஒரு சுகம். மனசுக்குள் ஓடுவது ஆடி மாதம். ஏழாம் நம்பர் ஹால். அண்ணன் வளைகுடாவிலிருந்து கப்பலில் அனுப்பிய அந்தப் பெரிய சோபா தண்ணீரில் மெல்ல நகர்கிறது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் நிற்கிறார். பத்தாம் வகுப்பில் பருவக்காற்று நடத்திக்கொண்டே இதைப் பார்த்தேன். முதல் பெஞ்சில், "ஏட்டி, சார் சிரிக்காருட்டி."

காரணம் இருக்கிறது. ஒன்பது வருடம் முன்பு அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபம், சிதறால் பக்கத்தில் அப்பாவின் வீட்டில். பந்தி நடக்கிறது. வீட்டை அப்பா அண்ணன் பெயருக்கு எழுதியது பற்றி நான் வாயே திறக்கவில்லை. யாரோ ஒரு தூரத்துச் சொந்தம், தம்பி என்ன செய்கிறான் என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னது, சாம்பார் வாளியோடு, எல்லாருக்கும் கேட்க:

"அவனா? கெவர்மென்டு சம்பளமும் வாங்கிட்டு, கயிறும் கொண்டு கடல அளந்துட்டு நடக்கான். கடலு எங்கயாவது ஓடிப் போயிருமோன்னு பயமாக்கும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. போதகரும் சிரித்தார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அன்றோடு சரி.

என்னைவிட நான்கு வருடம் இளையவன் தலைமையாசிரியர் ஆனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. (வலித்தது. அது வேறு.)


பிப். 12, வியாழன்

தை கடைசி. அளக்கும் நாள். மாலை 4.30, வானம் சுத்தம்.

மறு முனையில் வழக்கம்போல் சூசை. இடுப்பு போனதிலிருந்து கடலுக்குப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறார். இந்த ஊரில் என்னை மதிக்கும் ஒரே ஆள். அதுவும் சில நாள்தான்.

இன்று 412 அடி.

குருசடியிலிருந்து வில்லாவின் கடல்பக்க மதில் 170. மீதி 242 அடி வெள்ளை மணல். யார் பார்த்தாலும் ஆசைப்படுவார்கள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரைதான் வீடு காட்டுவது. மேட்டு ஊர்க்காரர்கள் வந்து, மணலில் நின்று போட்டோ எடுத்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கினால் கேட்டில் பூட்டு, 'பராமரிப்புப் பணி'.

போன பெரிய ஆடியில் ஈர மணல் 155-ல். அதாவது இன்றைய மதிலுக்குப் பதினைந்து அடி உள்ளே. அப்போது மதில் இல்லை, வில்லா இல்லை, மூன்று தென்னைகள் மட்டும். மூன்றாவது தென்னையில் தண்ணீர் முழங்கால் உயரம். அந்த இடத்தில் சூசையும் நானும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டோம். இப்போது அந்தத் தென்னை ஏழாம் நம்பர் முற்றத்தில். அடியில் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள்.

பதினெட்டு ஆடியில் ஐந்து ஆடி அந்தத் தென்னை வரை. வில்லா வந்த பிறகு இரண்டு ஆடியும் கடல் அடங்கி மதிலோடு நின்றுபோனது. அந்த அதிர்ஷ்டத்தில்தான் ஏழு வீடு விற்றிருக்கிறது.

சூசை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே:

"வாத்தியாரே, ஒம்ம அண்ணன் கடலுக்க வாயில வீடு வாங்குதாராமே. நீரு கயிறு புடிச்சிட்டு நிக்கேரு."

"ஆரு சொன்னா?"

"எனக்க மவ அங்கதானே தூத்துப் பெருக்குதா. ஏழாம் நம்பரக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கு."

"நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லாமலா? மூணாம் நம்பர் வாங்க வந்த ஆளுக்கிட்ட சொன்னேன், ஆடியில வந்து பாத்துட்டு வாங்கும்னு. கரைய விட்டுத்தர ஒங்களுக்கு மனசில்லன்னு எனக்கிட்ட சொல்லுதாரு. நாங்க சொன்னா அசூயை. வாத்தியாரு எழுதிக் குடுத்தா சயின்ஸு."



அப்போதுதான் வந்தார்கள். நீல கேட்டைத் திறந்துகொண்டு வில்லா ப்ரமோட்டர் ரசல், பின்னால் அண்ணன். நான் என்ன செய்தேன்? ஐம்பத்தாறு வயதில், கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். சூசையும் உட்கார்ந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அண்ணன் மெலிந்திருக்கிறார். முழங்காலில் பட்டை. மதிலிலிருந்து தண்ணீர் வரை எட்டு வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தார். வள்ளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்.

"எம்பத்திரண்டு எட்டு. செரியாட்டு இருக்கு, ஓய்."

"நோட்டீஸ்ல போட்டது தப்பாகுமா சார்?"

"ஒமக்க நோட்டீஸ ஆரு நம்புதா? அளந்தது ஆருன்னு பாத்தேன். எனக்க தம்பியாக்கும். மண்டையில கொஞ்சம் ஏனக்கேடு உண்டு, அளவுல ஒரு இஞ்சு தப்பாது. சின்னதுல கேரம் விளையாடும்போ ஸ்கேல் வச்சுப் பாப்பான், வெள்ளக்காரனுக்குப் பொறந்தவன மாதிரி. அவனுக்க அளவு இல்லன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

ரசல் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

சூசை என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றில் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டிருந்தார்.


பிப். 13, வெள்ளி

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

வில்லாவுக்குக் கல் போடும் முன்பு ரசல் பள்ளிக்கு வந்தார். "சார் மாதிரி ஒரு ஆளு இந்தக் கரையில இருக்கது ஆருக்கும் தெரியலியே." அதுவரை என் நோட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை. ஒரு பக்கம் போதும் என்றார். தை மாதப் பக்கத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே புவியியல் ஆசிரியர் என்றும் எழுதிக் கொடுத்தேன். கல் போட்ட அன்று பொன்னாடை. மைக்கில் என் பெயர், இன்ஷியலோடு. பொன்னாடை பீரோவில் இருக்கிறது. பிரிக்கவே இல்லை.

பக்கத்தின் மேலே 'தை' என்று எழுதியிருந்தேன். விற்பனை நோட்டீஸில் என் பக்கத்தை அச்சடித்தபோது அந்த ஒரு வரி இல்லை. பார்த்தேன். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். அதன் பிறகு பேசாமல் இருந்தேன். ஆடிப் பக்கத்தை அவர் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

பள்ளி விட்டதும் நேரே வில்லா ஆபீஸ். ஏசி. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினான்கு பொம்மை வீடுகள், நீல பெயிண்டில் கடல்.

"வாங்க சார். சாயா சொல்லட்டா?"

"ஏழாம் நம்பர இப்ப குடுக்காண்டாம். ஆடி கழியட்டு."

"அய்யோ, என்ன சார் திடீர்னு?"

"நோட்டீஸ்ல மாசம் போடணும்."

"கடலுன்னா ஏறும், எறங்கும். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? கல்லு போட்டு மதிலு கெட்டியிருக்கேன்லா."

"போன ஆடியில மதிலுக்கடியில மண்ணு போச்சு. நீங்க சிமென்டு பூசினத நான் பாத்தேன்."

இழுப்பறையைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் என் பக்கம். அசலில் 'தை' பத்திரமாக இருக்கிறது.

"இது ஒங்க கையெழுத்துதானே சார்? ஏழு பேரு வாங்கியாச்சு. ஏழு பேரும் இதப் பாத்துத்தான் வந்தாவ. நாளைக்கு அவிய வந்து கேட்டா நான் ஆரக் கைகாட்டணும்? ஒங்களுக்கு ரிட்டயர்டுக்கு நாலு வருசந்தானே. நிம்மதியாட்டு இருங்க."

பிறகு, இன்னும் மரியாதையாக:

"வாங்குதது ஒங்க அண்ணந்தானே? வேணும்னா நீங்களே நேர்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

நாங்கள் மிண்டுவதில்லை என்று அவருக்குத் தெரியும். வடசேரி காய்கறிக் கடைக்காரருக்கே தெரியும்.

சாயாவைத் தொடவில்லை என்று எழுத ஆசை. பாதி குடித்தேன்.


பிப். 14, சனி

பகல் 11. சூசையின் போனிலிருந்து அண்ணனுக்கு. என் நம்பர் என்றால் எடுக்க மாட்டார். ஹெலன் நம்பர் என்றால் மைனி எடுப்பாள்.

முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அந்த அளவு சரிதான், ஆனா அத நம்பாண்டாம்." சொல்லிப் பார்த்தால் எனக்கே பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருந்தது.

"ஹலோ."

அவர்தான்.

"ஹலோ, ஆராக்கும்?"

வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

"ஆரானாலும் மிண்டணும். மிண்டாம போனப் புடிச்சிட்டு நின்னா எனக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் மைனி: "ஆருங்க?"

"தெரியல்ல. மூச்சு மட்டும் கேக்கு."

வைக்கவில்லை அவர். நாலைந்து நொடி. ஒருவேளை இன்னும் கொஞ்சம். நான்தான் வைத்தேன்.

சூசை போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு: "இந்த வாய வச்சா வாத்தியாரே முப்பது வருசம் பாடம் நடத்தினேரு?"

கண்ணாடி ஸ்க்ரூ வாங்கியாகிவிட்டது. பொருந்தவில்லை.


பிப். 15, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன், ஒன்பது வருடமாக உட்காருகிற அதே தூண் ஓரம். சகோதரனோடு பகை வைத்துக்கொண்டு கை நீட்டுவதைவிட நீட்டாமல் இருப்பது நேர்மை. இதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இன்று அந்தப் பெருமையைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹெலன் சொன்னாள்: "நான் மைனிக்குப் போன் பண்ணினேன்."

"என்ன சொன்னா?"

"ஆடியில கடலு ஏறும் மைனி, கொஞ்சம் பொறுத்து வாங்கலாம்லான்னு கேட்டேன். அவ சிரிச்சா. ஒங்க அளவப் பாத்துத்தான் அவியளுக்கு ஆசையே வந்துதாம். அண்ணன் அங்க இருந்துட்டுச் சொல்லுதாவ, அவன் அளந்தது ஒண்ணு, அவன் பெஞ்சாதி சொல்லுதது ஒண்ணா, நான் கடற்கரையில வீடு வாங்குதது அவனுக்குப் பொறுக்கலன்னு."

"அப்படியா சொன்னாரு?"

"அப்படித்தான். சொல்லிட்டு உடனே கேட்டாவளாம், அவனுக்கு சுகர் எப்படி இருக்குன்னு."

மீன் குழம்பில் உப்பு அதிகம். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.


பிப். 16, திங்கள்

லேசான மேகம். அரை நாள் லீவு போட்டேன். காரணம்: சொந்த வேலை.

சூசையின் மகள் நேற்று முற்றத்துக்குத் தண்ணீர் விடும்போது மூன்றாவது தென்னையின் சுண்ணாம்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தாளாம். கோடு இருக்கிறது. மங்கியிருக்கிறது, ஆனால் சிவப்பு.

கடிதம். காலை முழுக்க.

முதல் தாள்: 'ஐயா' என்று தொடங்கினேன். அவரை ஐயா என்று எழுத முடியவில்லை. கிழித்தேன்.

இரண்டாம் தாள்: 'அண்ணனுக்கு'. இப்படி எழுதினால் கீழே பெயர் போட வேண்டாம், மேலேயே போட்ட மாதிரி. கிழித்தேன்.

மூன்றாம் தாள் நான்கு பக்கம் போய்விட்டது. நாற்பதாம் நாள் பந்தி, சாம்பார் வாளி, போதகர் சிரித்தது, தலைமையாசிரியர் பதவிகூட வந்துவிட்டது. கடல் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி. ஹெலன் படித்துவிட்டு, "இதுல வீட்டப் பத்தி எங்க இருக்கு?" என்றாள். அதையும் கிழித்தேன்.

நான்காம் தாளில் எந்த விளிப்பும் இல்லை. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு அளவு, போன பெரிய ஆடி வந்த வருடத்தினுடையது. மதில் 170 என்று ஓரத்தில். கீழே ஐந்து வரி.

ஹெலன்: "பிரவுசிங் சென்டர்ல குடுத்து டைப் அடிச்சிருங்க. கையால எழுதினா அவியளுக்குத் தெரியும்லா."

கையால் எழுதியதையே மடித்து உறையில் போட்டேன்.

2.40, தபால் ஆபீஸ். ஸ்பீட் போஸ்ட் என்றால் நாளைக்கே கிடைத்துவிடும். கவுன்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஃப்ரம் அட்ரஸ் இல்லியே சார்?"

"வேண்டாம்."

"பேரும் போன் நம்பரும் இல்லாம எடுக்காது சார். சிஸ்டம் கேக்கும்."

"சாதாரணத் தபால்?"

"ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில போடுங்க. நாகர்கோவில்தானே, ரெண்டு நாளு. சிலப்போ மூணு."

ஸ்டாம்பு வாங்கினேன். ஒட்டினேன். பெட்டிக்கு முன்னால் நின்றேன். பின்னால் ஒருவர் "போடுதியளா சார், இல்லன்னா மாறுங்க" என்றார். மாறினேன். வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஹெலன் கண்ணாடியோடு ஒரு மணி நேரம்.


பிப். 17, செவ்வாய்

காற்று இல்லை. கடல் அதே குளம். நல்ல பிள்ளை மாதிரி.

கணக்கு: இன்று போட்டால் வியாழன். தப்பினால் வெள்ளி. வெள்ளி தபால்காரர் வருவதற்குள் அவர்கள் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்பியிருப்பார்கள், பட்டுச் சேலை, மல்லிகை, அப்பா வீட்டுப் பத்திரம். நாளை போட்டால் போடாததற்குச் சமம். நேற்றே போட்டிருக்கலாம்.

பெயர் போட்டால் என்ன ஆகும்? ஏழு குடும்பம் என் வாசலில். ரசல் இழுப்பறையைத் திறப்பார். பள்ளியில் விசாரணை. இதெல்லாம் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் இல்லை. பெயர் போட்டால் நான் முதலில் மிண்டினேன் என்று ஆகும். ஒன்பது வருடம் கழித்து, சிரித்தவரிடம், சிரிக்கப்பட்டவன் முதலில். அதைச் செய்ய மாட்டேன். இப்படிப்பட்ட ஆள்தான் நான். இந்த வயதில் வேறு ஆளாக முடியாது.

மற்ற ஏழு வீட்டுக்காரர்களுக்கும் இதே பட்டியல் போக வேண்டும். எழுதும்போதே தெரிகிறது. முதலில் இது.

உறையைப் பிரித்து இன்னொரு முறை படித்தேன். கீழே உள்ள ஐந்து வரி:

'நோட்டீஸில் உள்ளது தை மாத அளவு. அச்சில் மாதத்தை எடுத்துவிட்டார்கள். அளந்தவன் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தான். முற்றத்தில் மூன்றாவது தென்னையில் முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பைச் சுரண்டினால் சிவப்புக் கோடு இருக்கும், அது வரை தண்ணீர் வந்தது. அப்பா வீட்டை எழுதிக் கொடுக்கும் முன் ஒரு சாவியும் கொண்டு போய்ச் சுரண்டிப் பார்க்கவும்.'

'அப்பா வீடு' என்று எழுதியிருக்கிறேன். 'உங்கள் வீடு' என்று மாற்றலாம் என்று பேனாவை எடுத்தேன். மாற்றவில்லை.

பட்டியலில் 7 என்ற எண் ஆறு இடத்தில் வருகிறது. ஆறிலும் நடுவில் குறுக்குக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்று அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சிலேட்டில் பழக்கியது. அண்ணனும் இன்றுவரை அப்படித்தான் போடுவார். டைப் அடித்தால் அந்தக் கோடு வராது.

ஹெலன் அடுக்களையிலிருந்து: "பெட்டி பத்தரைக்கு எடுப்பான், கேட்டியளா?"

"கேட்டேன்."

"பேரு போட்டியளா?"

மணி 9.50. உறையைப் புதிதாக ஒட்டியாகிவிட்டது. பெயர் இல்லை. அப்படியே போடப் போகிறேன்.